குளம்புப் பராமரிப்புப் பெட்டி: ஏழு சாமான், தேறுவது மூன்று

குதிரை வைத்திருப்பவர்கள் இணையத்தில் குளம்பு சம்பந்தமாக எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது இந்தப் பெட்டிதான். பெட்டி என்று பெயர், உண்மையில் ரெக்ஸின் பை. உள்ளே ஏழு சாமான்: குளம்பு சுரண்டும் கொக்கி, அரம், குளம்புக் கத்தி, குளம்பை வெட்டும் இடுக்கியான நிப்பர், கோணம் பார்க்கும் கேஜ், அரை லிட்டர் குளம்பு எண்ணெய், ஊதா நிற ஸ்பிரே. மூன்று நான்கு பெயர்களில் விற்கிறார்கள். லேபிளும் பையின் நிறமும்தான் மாறும், சரக்கு ஒன்றே. அதனால் பெயரில் ஒன்றுமில்லை. விலை நாலாயிரத்துக்கு முன்னே பின்னே. கூட வரும் தாள் முழுக்க ஆங்கிலம். லாயத்தில் தினமும் குதிரையின் காலைத் தூக்கிப் பிடிப்பவர் சைஸ், அதாவது குதிரைக்காரர். அவர் படிக்க முடியாத தாளை யாருக்காக அச்சடித்தார்களோ.

முழுப் பெட்டியாக வாங்குவதில் லாபமில்லை. கொக்கி நன்றாக இருக்கிறது. அரம் பரவாயில்லை. ஸ்பிரே உதவும். கத்தியும் நிப்பரும் லாடக்காரர் கையில் இருக்க வேண்டியவை. கேஜ் விளையாட்டுச் சாமான். எண்ணெயை, சென்னையில், ஆண்டில் பாதி நாள் திறக்காமல் வைத்திருப்பதே குதிரைக்கு நல்லது.

கொக்கியிலிருந்து ஆரம்பிப்போம். ஒரே இரும்புத் துண்டை வளைத்து, பிடியில் ரப்பர் ஏற்றியிருக்கிறார்கள். தனியாகக் கிடைக்கும் மலிவு ரகத்தில் இரும்பை பிளாஸ்டிக் பிடிக்குள் கொஞ்சமாகச் செருகியிருப்பார்கள். லாடத்துக்கும் ஃபிராக்குக்கும் (உள்ளங்குளம்பின் நடுவே உள்ள ரப்பர் போன்ற பகுதி) நடுவே சிக்கிய ஜல்லியை நெம்பும்போது சரியாக அந்தக் கழுத்தில் ஒடியும். இதில் அந்தத் தொல்லை இல்லை. முனை தட்டையாக, மழுங்கலாக இருக்கிறது. அது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். பின்பக்கத்து நைலான் பிரஷ் கெட்டியானது, ஈரச் சேற்றிலும் படுத்துவிடுவதில்லை. பிடி கறுப்பு நிறம் என்பதுதான் குறை. மரத்தூள் படுக்கையில் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்கலாம். சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றி, லாயக் கதவில் கயிற்றோடு தொங்கவிடுவது நல்லது.

கொக்கியைக் குதியிலிருந்து குளம்பின் முன்முனையை நோக்கி மட்டுமே இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்கும்போது குதிரை காலை உதறினால் கொக்கியின் முனை குதிப்பக்கத்து மென்மையான இடத்தில் இறங்கிவிடும். ஃபிராக் முக்கோணமாக இருக்கும். அதன் இரு பக்கத்துப் பள்ளங்களும், நடுவில் உள்ள பிளவும்தான் அழுக்கு தங்கும் இடங்கள். பலர் உள்ளங்குளம்பை மட்டும் வழித்துவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அழுகல் வந்தால் தண்ணீரைக் குறை சொல்வார்கள். வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, நாலு காலுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தில் சுத்தம் பாதிதான், மீதி சோதனை. கறுப்பாக, களிம்பு போல ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் போனாலே மூக்கைப் பொத்த வைத்தால் அது சேறல்ல, ஃபிராக் அழுகல். குளம்புச் சுவரில், அதாவது வெளிப்பக்கக் கெட்டி ஓட்டில், உள்ளங்கையை வைத்துச் சூடு பாருங்கள், நாலு குளம்பையும் ஒப்பிட்டு. கணுக்குப் பின்புறம் இரு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி தெரியும். ஆரோக்கியமான காலில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரல் வைத்ததுமே திம் திம்மென்று அடித்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரே காலில் அப்படி இருந்தால் சீழ் அல்லது ஆணிக் குத்து இருக்கலாம். முன்கால் இரண்டிலும் அடித்து, குதிரை எடையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நின்றால் குளம்பு அழற்சி என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுவது நியாயமில்லை.

மெரினாவில் சவாரி விடுகிறவர்களுக்கும் கல்யாணத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்களுக்கும் இன்னொன்று. மணலில் உடைந்த பாட்டில், தூண்டில் முள். மண்டப வாசலில் பந்தல் போட்டவன் விட்டுப்போன ஆணி. உள்ளங்குளம்பில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்கக் கை துறுதுறுக்கும். குதிரையை அசையாமல் நிறுத்த முடிந்தால் அப்படியே விட்டு, ஆணி மேலும் உள்ளே போகாதபடி சுற்றிலும் துணியோ மரத்துண்டோ வைத்துக் கட்டிவிட்டு மருத்துவரை அழைப்பதே சரி. எவ்வளவு ஆழம், எந்தக் கோணம் என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க அந்த ஆணிதான் சாட்சி. நிறுத்தவே முடியாமல் எடுத்தே தீர வேண்டும் என்றால், நுழைந்த இடத்தை மார்க்கரால் குறித்து, ஆணியையும் பத்திரமாக வையுங்கள். வளர்ப்பு விலங்குகளில் டெட்டனஸ் மிக எளிதாகப் பிடிப்பது குதிரையைத்தான். ஊசி போட்ட தேதி கையில் இருக்கட்டும்.

அடுத்தது அரம். 14 அங்குலம், ஒரு பக்கம் முரட்டுப் பல், மறுபக்கம் நைஸ் பல். நீளமும் அகலமும் சரிதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுவில் பல்வரிசை ஒழுங்காக இருக்கிறது, ஓரத்தில் சில பற்கள் பிறவியிலேயே மழுங்கல். தொழில்முறை லாடக்காரர் இதைத் தொட மாட்டார். சொந்தக்காரர் ஓரம் தேய்க்கப் போதும். ஆனால் பிடி தரவில்லை. கூர்மையான வால் அப்படியே வெளியே நிற்கிறது. குதிரை காலை இழுத்தால் அது நேராக உள்ளங்கைக்குள் போகும். அரத்துக்கு மாட்டும் மரப்பிடி பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அதை மாட்டாமல் இந்த அரத்தைக் கையிலெடுக்கவே கூடாது. நாலாயிரம் வாங்குகிறவர்கள் ஒரு பிடி போட்டுத் தந்திருக்கலாம்.

தள்ளும்போதுதான் அரம் வெட்டும். திரும்பி வரும்போது குளம்பிலிருந்து தூக்கிவிட வேண்டும். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் பல் சீக்கிரமே போய்விடும். லாடம் அடித்த காலில் தேய்க்கப் போய் ஆணித் தலையில் பட்டாலும் அதே கதிதான். வேலை முடிந்ததும் கம்பி பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தட்டிச் சுத்தம் செய்து, மெஷின் ஆயில் ஒரு துளி தடவி வைக்கவில்லை என்றால் இந்த ஊர்க் காற்றுக்கு ஒரே வாரத்தில் செம்மண் நிறம் வந்துவிடும்.

இந்த அரத்தால் சொந்தக்காரர் செய்யத் தகுந்த வேலை ஒன்றே ஒன்று. லாடமில்லாத குதிரைக்கு, லாடக்காரர் வெட்டிவிட்டுப் போன இரண்டு மூன்று வாரத்தில் சுவரின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரத் தொடங்கும். அந்த ஓரத்தை மட்டும் 45 டிகிரிச் சாய்வில், மூன்று நாலு மி.மீ. அளவுக்கு உருட்டிவிட வேண்டும். முரட்டுப் பக்கத்தால் நாலைந்து தள்ளு, நைஸ் பக்கத்தால் இரண்டு தள்ளு. சில்லு மேலே ஓடி வெடிப்பாக மாறாமல் இது தடுக்கும். அத்தோடு அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். குளம்பின் வெளிமுகத்தை வழவழப்பாக்குகிறேன் என்று மேலே தேய்க்கப் போனால், உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும் வெளித்தோலைச் சுரண்டுகிறீர்கள் என்று அர்த்தம். பார்க்க அழகாக இருக்கும், இரண்டு மாதத்தில் வெடிக்கும். குதி உயரத்தைச் சமன் செய்வதும் உங்கள் வேலை இல்லை. இடது வலது உயரத்தில் வரும் சின்ன வித்தியாசம்கூட மூட்டுவரை போய்த் தாக்கும்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வளரும். மயிரும் குளம்பும் சேரும் வளையத்தில் இன்று முளைப்பது முனைப்பக்கம் தரையைத் தொட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். கத்தியையும் நிப்பரையும் பற்றி எச்சரிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒரு நிமிட அவசரத்தில் எடுத்ததை ஒரு வருஷம் காத்திருந்துதான் திரும்பப் பெற முடியும்.

கத்தி வலக்கைக்காரருக்கானது. பெட்டியில் எங்கும் அதைச் சொல்லவில்லை. இடக்கைக்காரர் வாங்கினால் வளைவு எதிர்ப்பக்கம் நிற்கும். எஃகு மென்மை ரகம். சென்னை வெயிலில் காய்ந்த குளம்பில் பத்து இழுப்பு இழுத்தாலே முனை மடங்குகிறது. தீட்டுவதற்குத் தட்டைக் கல் உதவாது. உருண்டை அரம் ஒன்றை எடுத்து, சரிவு வெட்டியிருக்கும் பக்கத்தில் மட்டும், நுனிக் கொக்கியின் உள்வளைவு உட்பட, ஒரே கோணத்தில் ஓட்ட வேண்டும். மறுபக்கத்தைத் தொட்டால் வெட்டுமுனை போய்விடும். இவ்வளவும் செய்து தீட்டிய கத்தியை வைத்து என்ன செய்வது? ஃபிராக்கில் தொங்கும் செத்த துணுக்கை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் வம்பு. உள்ளங்குளம்பைக் கத்தியால் வழித்து வெள்ளையாக்கிக் காட்டுவது நம் ஊரில் ஒரு பழக்கம். சுத்தமாகத் தெரிகிறது என்பார்கள். அந்தத் தடிமன்தான் உள்ளே இருக்கும் எலும்புக்குக் கவசம். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மெலிந்த உள்ளங்குளம்போடு ஈசிஆர் ஓரத்து ஜல்லியில் நடக்கும் குதிரை ஒவ்வொரு அடிக்கும் யோசிக்கும். இளஞ்சிவப்புப் பூத்தால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது.

நிப்பர்தான் பெட்டியிலேயே மோசம். 12 அங்குலம். லாடக்காரர்கள் பிடிப்பது 14, 15 அங்குலம். காரணம் நெம்புகோல் கணக்கு: பிடி குட்டையானால் கை பலம் கூட வேண்டும், பலம் கூடினால் கை நடுங்கும், நடுங்கினால் வாய் சாயும். வாய் சாய்ந்தால் சுவரில் பள்ளம் விழும். வாங்கியவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடி விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் தொட்டு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். செய்தித்தாளை வைத்து அழுத்தினால் முழு அகலத்துக்கும் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். இது நடுவில் வெட்டி, ஓரத்தில் கிழிக்கிறது. காகிதத்தைக் கிழிப்பது காய்ந்த குளம்பையும் கிழிக்கும், வெடிப்பு மேலே ஏறும்.

இதைவிடக் கோபம் வருவது பெட்டியில் இல்லாத சாமானை நினைத்து. சொந்தக்காரருக்கு அவசரத்துக்கு உண்மையில் வேண்டியது லாடம் கழற்றும் இடுக்கி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாடம் பாதி கழன்று பக்கவாட்டில் திரும்பி நிற்கும். குதிரை தன் லாடத்தின் ஆணியையே மிதித்துக்கொள்ளும். லாடக்காரர் வர மறுநாளாகும். அப்போது கையிலிருக்கும் நிப்பரால் இழுக்கத் தோன்றும். ஆணியில் ஒருமுறை கடித்தாலே வாய் பல்லுப் போன கிழமாகிவிடும். லாடம் கழற்றும் இடுக்கியின் வாய் மழுங்கி, உருண்டையாக இருக்கும். முதலில் சுவரின் வெளியே மடித்திருக்கும் ஆணி முனைகளை அரத்தின் நைஸ் பக்கத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அரத்துக்கு இது நல்லதல்ல, ஆனால் அவசரத்துக்குப் பாவமில்லை. மடிப்பைத் தேய்க்காமல் இழுத்தால் ஆணியோடு சுவரும் பிய்ந்து வரும். பிறகு இடுக்கியை ஒரு குதிப்பக்கம் லாடத்துக்கு அடியில் நுழைத்து, முனையை நோக்கி, குளம்பின் நடுவாக்கில் சாய்த்து நெம்புங்கள். வெளிப்பக்கம் நெம்பக் கூடாது. கொஞ்சம் இளகியதும் மறு குதி, மறுபடி இந்தப் பக்கம் என்று மாறி மாறி முனைவரை போக வேண்டும். ஒரு லாடத்தில் வழக்கமாக ஆறிலிருந்து எட்டு ஆணி. எடுத்ததும் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது குளம்பிலோ படுக்கையிலோ இருக்கிறது. கழற்றிய காலைத் துணியால் சுற்றி, மெத்தென்ற இடத்தில் நிறுத்திவிட்டால் லாடக்காரர் வரும்வரை கவலையில்லை.

கேஜ் பிளாஸ்டிக். முன்குளம்பு 50 சொச்சம் டிகிரி, பின்குளம்பு அதைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து என்று புத்தகக் கணக்கு இருக்கிறது. ஆனால் எண்ணைத் துரத்துவது வீண். குதிரையைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். கணுவிலிருந்து குளம்புவரை இறங்கும் சரிவும் குளம்பின் முன்முகமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோடு குளம்பின் மேல்விளிம்பில் ஒடிந்தால் லாடக்காரரிடம் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நிறுத்தி, போனைத் தரையளவுக்குத் தாழ்த்திப் படம் எடுத்து வைத்தால், இந்தக் கேஜ் காட்டாததை எல்லாம் அது காட்டும்.

எண்ணெய் விஷயம் சென்னைக்காரர்களுக்கு முக்கியம். குளம்பு நீரை உறிஞ்சும், காயும், மறுபடி உறிஞ்சும். இப்படி மாறி மாறி நடப்பதுதான் ஆணித் துளையைத் தளர்த்துவதும் சுவரைச் சிதைப்பதும். ஐப்பசி, கார்த்திகையில் லாய வாசலே குட்டை. மற்ற மாதங்களிலும் புழுக்கத்துக்காகக் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறோம். ஆக நம் குதிரைக்குக் குளம்பில் ஈரம் போதவில்லை என்பது அபூர்வம். பெட்டியோடு வரும் எண்ணெய் லானோலினும் வேப்பெண்ணெயும் கலந்த சாதாரணச் சரக்கு, தரத்தில் குற்றமில்லை. ஈரக் குளம்பின் மேல் தினமும் பூசச் சொல்லும் தாளில்தான் குற்றம். அழுக்கும் ஈரமும் உள்ளே இருக்க, மேலே எண்ணெய் மூடிப் போட்டால், காற்றில்லாத இடத்தில் செழிக்கும் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கிறோம். உள்ளங்குளம்பிலும் ஃபிராக்கிலும் பூசவே வேண்டாம். பங்குனி முதல் அக்னி நட்சத்திரம் முடியும்வரை, குளம்பு காய்ந்து மயிரிழை வெடிப்பு தெரிந்தால், வாரம் இரண்டு முறை வெளிச்சுவரிலும் மேல்விளிம்பிலும் மெல்லிசாக. அவ்வளவே. பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் இன்னும் சில லாயங்களில் இருக்கிறது. அதைவிட ஒன்றும் பூசாமல் விடுவது மேல்.

மட்டமான குளம்புக்கு மருந்து தீவனத் தொட்டியில் இருக்கிறது. பயோட்டின் என்ற வைட்டமின் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம். புதிதாக முளைப்பதில்தான் அதன் பலன் தெரியும், ஆறு மாதமாவது விடாமல் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் கொடுத்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

ஊதா ஸ்பிரே ஃபிராக் அழுகலுக்கு. வேலை செய்கிறது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கொக்கியும் பிரஷ்ஷும், பிறகு நீர்த்த போவிடோன் அயோடினில் கழுவல், பிறகு துணியால் ஒற்றி நன்றாகக் காயவிடுதல், கடைசியில்தான் ஸ்பிரே. நடுப்பிளவு ஆழமாக இருந்தால் ஸ்பிரே உள்ளே போகாது. பஞ்சைத் திரியாக உருட்டி, மருந்தில் நனைத்து, கொக்கியின் முனையால் மெதுவாகச் செருகி, தினம் மாற்ற வேண்டும். திரி முழுசும் உள்ளே போய், குதிரை வலியில் காலைப் பறித்தால் அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டியாயிற்று. மயில் துத்தத்தை அப்படியே பொடியாக அள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். செத்த திசுவோடு உயிருள்ள திசுவையும் அது சுடும், ஆறுவது தள்ளிப்போகும். எந்த மருந்து போட்டாலும் படுக்கை மூத்திரத்தில் ஊறிக் கிடந்தால் பத்து நாளில் நாற்றம் திரும்பும். ஈர மரத்தூளைத் தினமும் அள்ளிவிட்டு, நின்ற இடத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் குளம்பிலும் ஒட்டும்.

பெட்டிக்குப் பதில் என்ன வாங்கலாம்? ஒரே இரும்பில் செய்த கொக்கி இருநூறு ரூபாய்க்குள் தனியாகக் கிடைக்கிறது. ஸ்பிரேயின் வேலையில் பெரும்பகுதியை மருந்துக் கடைப் போவிடோன் அயோடின் செய்துவிடும். அரத்துக்கு உங்கள் லாடக்காரரையே கேளுங்கள். அவர் தொழிலுக்கு மழுங்கிவிட்டது என்று ஒதுக்கிய அரம், ஓரம் உருட்டுவதற்குப் பெட்டி அரத்தைவிட நன்றாகவே ஓடும். மிச்சப் பணத்தில் லாடம் கழற்றும் இடுக்கி ஒன்று. இன்னும் மீதி இருந்தால் லாடக்காரரை எட்டு வாரத்துக்குப் பதில் ஆறு வாரத்தில் வரச் சொல்லுங்கள். லாடம் போட்ட குதிரையென்றால் நாலிலிருந்து ஆறு வாரம்தான் கணக்கு. ஆணி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போட்டால், லாடம் அங்கேயே நிற்க முனை மட்டும் நீண்டு கோணம் சாய்ந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: ரெக்ஸின் பையில் அரத்தையும் கத்தியையும் மூடி வைக்காதீர்கள். உள்துணி ஈரத்தைப் பிடித்து, மழைக்காலத்தில் பூஞ்சை கட்டுகிறது. மூடியில்லாத பழைய எண்ணெய் டின்னில் உமியைக் கொட்டி, கருவிகளை அதில் நிறுத்தி வையுங்கள். நிப்பரை வாசல் முள்கம்பி வெட்ட வைத்துக்கொள்ளலாம், அதற்கு நன்றாக இருக்கிறது.